மூச்சை விடச் சொல்லுங்கள்

மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளாத வீடு அமைதியாக இருக்கும் என்று நினைக்கிறவர்கள் அப்படி ஒரு வீட்டில் இருந்து பார்த்ததில்லை. அங்கே எதையும் இரண்டு தடவை சொல்லியாக வேண்டும். மருமகள் மாமனாரிடம் சொல்வாள். மாமனார் அதையே தன் மனைவியிடம் சொல்வார். பதிலும் வந்த வழியே திரும்பிப் போகும். மூன்று பேரும் ஒரே அறையில், கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில்தான் இருப்பார்கள்.

"சோறு குழையணுமான்னு கேளுங்க மாமா."

"சோறு குழையணுமாம்மா?"

"உங்களுக்குத்தான் குழையணும். மத்தவங்களுக்குப் பல்லு இருக்குன்னு சொல்லுங்க."

"உனக்குப் பல்லு இருக்காம், தாயி."

அந்த வீட்டம்மாவைத் தெருவில் எல்லோரும் இஸ்திரிக்காரம்மா என்பார்கள். வாசல் அறையில் முக்கால்வாசியை ஒரு மர மேசை அடைத்துக்கொண்டிருக்கும். அதன்மேல் நாலாக மடித்த கம்பளி, கம்பளிமேல் கெட்டியான வெள்ளைத் துணி. காலையில் பெட்டி சூடேறினால் மத்தியானம்வரை ஓய்வில்லை. பள்ளிக்கூடச் சீருடை, விடுதிப் படுக்கை விரிப்பு, யாரோ ஒருவருடைய ஒரே கோட்டு. மழைக்காலத்தில் பாதி ஈரமாகவே கொண்டுவந்து போடுவார்கள். பெட்டி பட்டதும் உஸ்ஸென்று ஆவி எழும்பி, அறை முழுக்கச் சோப்பு வாசனையும் சூட்டு வாசனையுமாக நிற்கும். அவர் கணவர் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றி ஓய்வு பெற்றவர். அதனால் டயர்க்காரர். ஒரே மகன் லாரியோடு போய்விட்டால் எப்போது வருவான் என்பது லாரிக்குத்தான் தெரியும்.

மருமகள் முன்பு ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு எக்ஸ்ரே படிப்பில் சேர்ந்தாள். சேரச் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? மாமியார்தான். "டோக்கன் கிழிக்கிறதுக்கு உனக்கு எதுக்கு அவ்வளவு மூளை? அத அடுத்தவங்களுக்குக் குடுத்துட்டுப் போய் உக்காரு. இல்லன்னா படி" என்றார். அப்போதெல்லாம் இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசுவார்கள். மேசையின் ஒரு முனையில் துணி மடிபடும். மறு முனையில் எலும்புப் படங்கள் விரிந்து கிடக்கும்.

போன மழைக்காலத்தில் டயர்க்காரருக்கு வயிற்றுவலி வந்தது. வருவதும் போவதுமாக இருந்தது. இஸ்திரிக்காரம்மா பழைய துணியைப் பெட்டியில் சூடுகாட்டி ஒத்தடம் கொடுத்தார். கொடுத்தால் கொஞ்சம் கேட்டது, பிறகு மறுபடியும் பிடித்தது. இரண்டு நாள் இப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் விடியும்போது வயிறு பலகையாக இறுகிவிட்டது. மனிதர் முழங்காலை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தார். ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். குடலில் ஓட்டை. உடனே வயிற்றைத் திறந்தார்கள்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் அறுவை அறைக்கு வெளியே, இன்னும் எதுவும் தெரியாத அந்த நேரத்தில், டாக்டர் "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். மருமகள் மாமியார் பக்கம் திரும்பினாள். பத்துப் பேர் உட்கார்ந்திருந்த நடைபாதையில் சத்தமாகச் சொன்னாள்:

"வீட்டுலயே ஒத்தடம் குடுத்துக் குடுத்து ஆளையே முடிச்சிருப்பீங்க."

மகன் வந்து சேர்ந்ததும் இஸ்திரிக்காரம்மா அவனிடம், "இனிமே அவ என்கிட்ட பேச வேணாம்னு சொல்லிடு" என்றார். அவள் ஒரு அடி தள்ளி அங்கேயேதான் நின்றாள். அன்று ஆரம்பித்தது.

படிப்பு அதன் பாட்டுக்கு ஓடி, செய்முறைத் தேர்வுக்கு வந்து நின்றது. வயிற்றுப் படத்துக்கு ஆளை எப்படிப் படுக்க வைப்பது, எப்படி நிற்க வைப்பது, கதிர் விழ எங்கே குறி வைப்பது என்று உயிருள்ள உடம்பில் செய்து காட்ட வேண்டும். கல்லூரியில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு இருந்தது. அதற்குத் தோலும் இல்லை, தொப்பையும் இல்லை. அதில் இடுப்பெலும்பைக் கண்டுபிடிக்கக் கண்ணிருந்தால் போதும். ஆளிடம் தேட விரல் வேண்டும்.

"மாமா, நீங்க கொஞ்சம் படுக்கறீங்களா?"

"என் வயித்துல கைய வெக்காத தாயி. ஜிப்பு போட்டு வெச்சிருக்கான். தொட்டா தொறந்துக்கும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கை சட்டைமேல், தழும்பின்மேல் போய் மூடிக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அந்த வயிற்றை மனைவியைக்கூடத் தொட விடவில்லை அவர்.

இஸ்திரிக்காரம்மா பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். துணிகளை ஓரமாக அடுக்கினார். ஸ்டூலைப் போட்டு ஏறி, இன்னும் சூடு ஆறாத மேசைமேல் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தார்.

"மேசை காலியாத்தான் இருக்குன்னு சொல்லுங்க."

டயர்க்காரர் மருமகளைப் பார்த்தார். "மேசை காலியா இருக்காம்."

அப்படித்தான் தினமும் மாலையில் பாடம் நடந்தது. மருமகள் முதலில் மாமியாரின் முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை கொடுப்பாள். முதுகு மேசையில் படிய வேண்டும், வயிற்றுத் தசை தளர வேண்டும், அதற்காக. பிறகு உடம்பு கோணாமல் இருக்கிறதா என்று தலைமாட்டிலிருந்தும் கால்மாட்டிலிருந்தும் பார்ப்பாள். பிறகு இரண்டு கையையும் இடுப்பின் இரண்டு பக்கமும் வைத்து, விரலால் அழுத்தி, எலும்பின் மேல்விளிம்பைத் தேடுவாள். அந்த இரண்டு விளிம்பையும் சேர்த்து ஒரு கோடு கிழித்தால், கோட்டின் நடுவில்தான் குறி. இஸ்திரிக்காரம்மாவுக்குச் சதைப்பிடிப்பான இடுப்பு. எலும்பு லேசில் அகப்படாது.

"இன்னும் கொஞ்சம் கீழன்னு சொல்லுங்க. அங்க எலும்பு இல்ல, நேத்து சாப்பிட்ட சோறுதான் இருக்கு."

"இன்னும் கீழயாம்மா."

"கை சில்லுன்னு இருக்கா, கூச்சமா இருக்கான்னு கேளுங்க மாமா."

"கூசுதான்னு கேக்கறா."

"இந்த இடுப்பு எத்தனை மூட்டை துணி சுமந்திருக்குன்னு சொல்லுங்க. இதுக்கு என்ன கூச்சம்."

ஒருநாள் புத்தகத்தில் இருந்த வரிசையை அப்படியே மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டே வந்த மருமகள், "கர்ப்பமா இருக்காங்களான்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அது பெண்களிடம் கேட்டே ஆகவேண்டிய கேள்வி. அதற்காக அறுபதைத் தாண்டியவரிடமா?

டயர்க்காரருக்குச் சொல்லவா வேண்டும். "இந்தா, நீ மாசமா இருக்கியான்னு கேக்கறா. என்ன சொல்லட்டும்?"

"ஜிப்பு போட்ட மனுசன வெச்சுக்கிட்டு அது வேறயான்னு சொல்லுங்க."

மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது. ஆளுக்கொரு சுவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கடைசியில் மூச்சு. நெஞ்சுப் படத்துக்கு மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். வயிற்றுப் படத்துக்கு வெளியே விட்டுவிட்டு நிறுத்த வேண்டும். மருமகள் சுவரோரம் போய் நின்றுகொண்டு, அதைக் கதிர் மறைக்கும் தடுப்புக் கண்ணாடியாக நினைத்துக்கொண்டு, "மூச்சை வெளிய விட்டு நிறுத்தச் சொல்லுங்க" என்பாள். டயர்க்காரர் சொல்வார். அம்மா நிறுத்துவார். "விடச் சொல்லுங்க." விடுவார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்று பேரும் பழகிவிட்டார்கள். பழகியதுதான் வினையாயிற்று.

தேர்வன்று கல்லூரிக் காவலாளிதான் நோயாளியாகப் படுத்திருந்தார். தேர்வு நடத்த வெளியிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருப்பார், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். மருமகள் தலையணை கொடுத்தாள், உடம்பை நேராக்கினாள், ஒரே தொடுதலில் எலும்பைப் பிடித்தாள். மேடம் தலையை ஆட்டினார். பிறகு மருமகள் தடுப்புக்குப் பின்னால் போய், ஓரமாக நின்ற உதவியாளரைப் பார்த்து, "மூச்சை வெளிய விட்டு நிறுத்தச் சொல்லுங்க" என்றாள்.

உதவியாளர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"நோயாளிக்குக் காது கேக்காதா?" என்றார் மேடம்.

"கேக்கும் மேடம்."

"அப்ப அவர்கிட்டயே சொல்லுங்க."

மருமகள் காவலாளியைப் பார்த்தாள். வாய் திறந்தது. "மூச்சை..." என்றாள். கண் தானாக உதவியாளரிடம் போயிற்று. "விடச் சொல்லுங்க" என்று முடிந்தது.

ஆரம்பம் முதலே அப்படித்தான் செய்திருக்கிறாள் என்பது மேடம் சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கையை மேலே வைக்கச் சொல்லுங்க, சட்டைப்பையில என்ன இருக்குன்னு கேளுங்க, எல்லாமே உதவியாளரிடம். படுத்திருந்த மனிதரிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. "உங்க கை படிச்சிருக்கு. வாய் படிக்கலை" என்றார் மேடம். அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் படிப்பை விட்டுப் போக வேண்டியதுதான், அது அந்தக் கல்லூரியின் விதி. காவலாளி இனிமேல் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், நோயாளியை அவரவரே கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தவள் தலையைக்கூடத் துவட்டாமல் மாமனாரிடம் நடந்ததைச் சொன்னாள். டயர்க்காரர் சிரிக்க ஆரம்பித்து, தழும்பு இழுத்ததில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அய்யோ தாயி, அந்த ஆளு திரும்பிப் பாத்தானா? பின்னாடி என்னயத் தேடியிருப்பான்."

இஸ்திரிக்காரம்மா ஒரு விடுதி விரிப்பின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். "சிரிக்காதீங்க. பிள்ளைக்குப் படிப்பே போயிடும்."

பிள்ளை என்ற சொல் மேசைமேல் விழுந்தது போல மூன்று பேரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். அவர் பெட்டியை எடுத்து விரிப்பின்மேல் ஓட்டினார். ஆவி எழும்பியது.

"நான் வரேன்னு சொல்லுங்க."

"அங்க நான் உள்ள வரக்கூடாதாம்" என்றார் டயர்க்காரர். "நீங்க ரெண்டு பேருதான். யாரு சொல்றது, யாரு கேக்கறது?"

அந்த வாரம் முழுக்க மேசைப் பாடம் நடக்கவில்லை. மருமகள் இரண்டு முறை வாசல் அறைவரை வந்து நின்றாள். "துணி காயலையா மாமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பேருந்தில் மூன்று பேர் இருக்கையில் டயர்க்காரர் நடுவில் உட்கார்ந்தார். கல்லூரியில் தேர்வறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் அவரை விட்டுவிட்டு இரண்டு பெண்களும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

மேடம் ஒரு சீட்டை நீட்டினார். கடுமையான வயிற்றுவலி, குடலில் ஓட்டை என்று சந்தேகம், நின்ற நிலையில் வயிற்றுப் படம் என்று இருந்தது. மருமகள் அதை இரண்டு தடவை படித்தாள். இத்தனை நாளும் மேசையில் பழகியது படுத்த நிலை. ஆனால் அவள் மறுபடி படித்தது அதனால் இல்லை. போன மழைக்காலத்தில் மாமாவுக்கு வந்ததும் இதேதான்.

"பத்து நிமிஷம் நேரா உக்கார வைங்க" என்றார் மேடம். "மத்தவங்க சும்மா பேருக்குச் சொல்லுவாங்க. எனக்கு நிஜமாவே பத்து நிமிஷம் வேணும். எதுக்குன்னு அவங்களுக்குச் சொல்லுங்க. திரும்பி வந்து நான் அவங்களைத்தான் கேப்பேன்." அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

ஆளைச் சாய்த்து நிறுத்திப் படம் எடுக்கிற பலகைக்குப் பக்கத்தில் முதுகு நேரான ஒரு நாற்காலி. இஸ்திரிக்காரம்மா அதில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். மருமகள் முன்னால் நின்றாள். யாரிடம் சொல்வது என்று கண் சுற்றும்முற்றும் ஒரு தடவை தேடிவிட்டு, வேறு வழியில்லாமல் திரும்பி வந்தது.

"வணக்கம்மா" என்றாள், மாமியாரின் நெற்றியைப் பார்த்து. "நான்தான் உங்களுக்குப் படம் எடுக்கப் போறேன்."

"சரி."

"வயித்துல வலி எங்க இருக்கு?"

இஸ்திரிக்காரம்மா யோசித்தார். கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல்பக்கம், நடுவில் வைத்தார். டயர்க்காரர் கை வைத்துக்கொண்டு கிடந்த அதே இடம். "இங்க."

"உங்களை ஏன் உக்கார வெச்சிருக்கோம்னா... குடல்ல ஓட்டை இருந்தா, உள்ள இருக்கிற காத்து வெளிய வந்துரும். படுத்திருந்தா அது வயித்துக்குள்ள பரவிக் கிடக்கும், படத்துல லேசுல தெரியாது. நேரா உக்காந்தா மெதுவா மேல ஏறும். கல்லீரலுக்கு மேல, நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு தசை இருக்கு, அதுக்கு அடியில போய்ப் பிறை மாதிரி நிக்கும். அப்பப் படம் எடுத்தா கருப்பாத் தெரியும். ஏறறதுக்குக் கொஞ்ச நேரம் குடுக்கணும்."

"அவருக்கும் இப்படித்தான் எடுத்தாங்களா?"

"ஆமா. நிக்க முடியல. சக்கர நாற்காலியில உக்கார வெச்சு எடுத்தாங்க."

சுவர்க் கடிகாரத்தில் இன்னும் நிறைய நேரம் மிச்சமிருந்தது. அடுத்த மேசையில் ஒரு பையன் தன் அப்பாவுக்குக் கையை எங்கே வைக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தான். இஸ்திரிக்காரம்மா பையின் காதை இழுத்து இழுத்து நேராக்கினார். துணி அது. நேராகாமல் மடிந்துகொண்டே இருந்தது.

"ஒத்தடம் குடுத்ததுனாலதான் ஓட்டை விழுந்துச்சா?"

மருமகள் அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு வருஷமாக அந்தப் பெட்டியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் இந்த அம்மாள் இதைத் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தான் சொன்னது அப்படிப் போய்ப் பதிந்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. கோபத்தில் இருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தாள்.

"இல்ல" என்றாள். "சூட்டால எல்லாம் ஓட்டை விழாது. உள்ள புண்ணு இருந்திருக்கு. அது தானா ஓட்டையாச்சு. நீங்க வெளிய என்ன செஞ்சிருந்தாலும், செய்யாம இருந்திருந்தாலும் அது அங்கதான் இருந்திருக்கும்."

"டாக்டர் தாமதம்னு சொன்னாரே."

"சொன்னார். முன்னாடியே போயிருக்கணும், அது உண்மைதான்." குரல் இறங்கியது. "ஆனா அந்த ரெண்டு நாளும் நானும் வீட்லதானே இருந்தேன். மாமா என்கிட்டயும் வந்து கேட்டார். என்ன தாயி, இப்படிப் பிடிக்குதேன்னு. கேஸா இருக்கும் மாமா, ஒரு சோடா குடிங்கன்னு சொன்னேன். மடியில வயித்துப் பாடத்த விரிச்சு வெச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். தலையக்கூட நிமிரல."

"சோடாவா?"

"ம்."

"குடிச்சாரா?"

"குடிச்சார். அன்னைக்கு டாக்டர் கேட்டதும் எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு. பயத்துல உங்க மேல பாய்ஞ்சுட்டேன்."

இஸ்திரிக்காரம்மா பையின் காதை இழுப்பதை நிறுத்தினார். பிறகு சொன்னார்: "நீ சொல்றது, நான் சொல்றது, அந்த மனுசன் ஒண்ணு விடாம சொல்லுவாரு. இதை மட்டும் சொல்லவே இல்ல பாரு."

மேடம் வந்தார். "எதுக்கும்மா உங்களை உக்கார வெச்சிருக்காங்க?"

"ஓட்டை இருந்தா காத்து மேல ஏறிப் பிறை மாதிரி நிக்குமாம். அதுக்கு நேரம் குடுக்கணுமாம்" என்றார் இஸ்திரிக்காரம்மா. "பேசிக்கிட்டே இருந்தோமா, நேரம் போனதே தெரியல."

மேடம் மருமகளைப் பார்த்தார். "செய்ங்க."

மருமகள் மாமியாரைப் பலகையில் முதுகு படும்படி நிறுத்தினாள். "இடுப்பைத் தொட்டுப் பாக்கப் போறேன், சரியா?" என்று கேட்டாள். அத்தனை நாள் மேசையில் கேட்காத கேள்வி அது. "தொடு" என்றார். விரல் எலும்பைத் தேடிப் பிடித்தது. மேலே ஏறி நிற்கிற காற்று படத்துக்குள் விழ வேண்டும் என்று, குறியை அங்கிருந்து இரண்டு விரல் அளவுக்கு மேலே நகர்த்தினாள். வலது பக்கம் எது என்று படத்தில் தெரிய, அங்கே ஈய எழுத்தை ஒட்டினாள். தடுப்புக்குப் பின்னால் போனாள். கண்ணாடி வழியாக நேராகப் பார்த்தாள்.

"மூச்சை நல்லா இழுங்க. இப்ப எல்லாத்தையும் வெளிய விடுங்க. விட்டுட்டு, அப்படியே நிறுத்துங்க."

இஸ்திரிக்காரம்மா விட்டார். வயிறு இறங்கியது, தோள் இறங்கியது. அப்படியே நின்றார்.

இயந்திரம் அணைந்திருந்தது. பொத்தானை அமுக்குவது போல விரலை வைத்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். மருமகள் எடுத்தாள். எடுத்துவிட்டு அப்படியே நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த உருவம் கலங்கித் தெரிந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்தாள், மறுபடியும் கலங்கியது.

இஸ்திரிக்காரம்மா மூச்சை விடவில்லை. சொல்லவில்லையே, எப்படி விடுவார்? முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. தோள் நடுங்க ஆரம்பித்தது. ஒரு வருஷம் வாயை மூடி வைத்திருந்த பிடிவாதம் முழுவதையும் சேர்த்து நின்றுகொண்டிருந்தார். மேடம் எழுதுவதை விட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"அய்யோ அத்தை, விடுங்க, மூச்சு விடுங்க."

புஸ்ஸென்று விட்டார். பலகையைப் பிடித்துக்கொண்டு இளைத்தார். "மறந்துட்டியா?" என்றார் இளைப்புக்கு நடுவில். "உயிரக் குடுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், மறந்துட்டியா?"

"மறந்துட்டேன் அத்தை."

"மூச்சு விடச் சொல்ல மறந்ததுக்கு மதிப்பெண் குறைப்பேன்" என்றார் மேடம். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேனா சீட்டின் அடிவரைக்கும் போய் ஒரு கையெழுத்தைப் போட்டது. "தேர்ச்சி. ஆஸ்பத்திரியில அத்தைங்க வர மாட்டாங்க. அங்க வர்றவங்க அவ்வளவு நேரம் பிடிக்கவும் மாட்டாங்க. ஞாபகம் வெச்சுக்கங்க."

கதவு திறந்ததும் டயர்க்காரர் பெஞ்சிலிருந்து எழுந்தார். ஒரு முகத்தைப் பார்த்தார், மறு முகத்தைப் பார்த்தார். இரண்டும் அழுது சிவந்தது போல இருந்தன. எதை யாரிடம் சொல்ல வேண்டியிருக்குமோ என்று தொண்டையைச் செருமித் தயாரானார்.

"என்னம்மா ஆச்சு? அவ என்ன சொல்றா?"

"பாஸு" என்றார் இஸ்திரிக்காரம்மா. "அது கிடக்கட்டும். சோடா குடிச்சீங்களாமே?"

டயர்க்காரர் மருமகளைப் பார்த்தார். மருமகள் தரையைப் பார்த்தாள்.

"மாமா மேல தப்பில்ல அத்தை. நான்தான்..."

"நீ சும்மா இரு, உன்னய வீட்டுல வெச்சுக் கேக்கறேன். ஒரு வருஷமா வாய மூடிக்கிட்டு இருந்திருக்காரே, இவர முதல்ல கேக்கறேன்."

"நான் எங்க வாய மூடினேன்?" என்றார் டயர்க்காரர். "இந்த ஒரு வருஷத்துல அந்த வீட்டுல பேசினதே நான்தானே."

இரண்டு பெண்களும் அதற்குள் படியிறங்கத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு பேர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் பேச்சு வந்துகொண்டிருந்தது. வெளியே மழை விட்டிருந்தது. டயர்க்காரர் பையை எடுத்துக்கொண்டு, ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி, அவர்கள் பேசுவது காதில் விழுகிற தூரத்தில் பின்னால் மெதுவாக நடந்து போனார்.